எடை மேடை ஃபைலில் வரி எண்ணுவது: ஃப்ரீபேசிக்கில் பல வருஷ அனுபவம்

ராணிப்பேட்டை, வேலூர் பக்கம் சில எடை மேடைகளில் நான் எழுதிக் கொடுத்த ப்ரோகிராம் இன்றும் ஃப்ரீபேசிக் என்ற ப்ரோகிராம் மொழியில்தான் ஓடுகிறது. லாரி ஏறி எடை நின்றதும் டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரி சேரும். வரியை எண்ணினால் எத்தனை எடை போட்டார்கள் என்று தெரிந்துவிடும். ராத்திரி கணக்கு முடிக்கும்போது முதலாளி முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

எல்லோரும் முதலில் எழுதுவது, ஒரு வரியைப் படிக்கும் லைன் இன்புட் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்தான். ஃபைல் முடியும்வரை ஒரு வரி படி, ஒன்று கூட்டு. சின்ன ஃபைலுக்கு இதுவே போதும். பல வருஷக் கணக்கு சேர்ந்த ஃபைலில் இது இழுக்கும். ஒவ்வொரு வரியையும் ஒரு ஸ்ட்ரிங்கில் ஏற்றி, உடனே தூக்கிப் போடுகிறோம். நமக்கு அந்த எழுத்துகளே தேவையில்லையே!

நான் நம்பி வைத்திருக்கும் வழி: ஃபைலை பைனரியாக, அதாவது வரி பிரிக்காமல் வெறும் பைட்டுகளாகத் திறந்து, 65,536 பைட் பஃபரில் (படித்ததை வைக்கும் தற்காலிக இடம்) துண்டு துண்டாகப் படித்து, மதிப்பு 10 உள்ள பைட்டுகளை மட்டும் எண்ணுவது. விண்டோஸ் ஃபைலில் வரி முடிவில் 13, 10 இரண்டும் இருக்கும். லினக்ஸில் 10 மட்டும். அதனால் 10ஐ எண்ணினால் இரண்டுக்கும் சரியாக வரும்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் கடைசித் துண்டு. அது பஃபரை நிரப்பாது. பின்னால் மிச்சமிருக்கும் இடத்தில் இருப்பது ஃபைலின் பைட்டுகள் அல்ல. துண்டைப் படிக்கும் கெட் கட்டளையே எத்தனை பைட் வந்தது என்று ஒரு வேரியபிளில் சொல்லும், அதுவரை மட்டும் எண்ணுங்கள். ஃபைலின் கடைசி பைட் 10 இல்லையென்றால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். 1991ல் டாஸ் 5 உடன் வந்த கியூபேசிக் என்ற பழைய பேசிக்கை இன்னும் வைத்திருப்பவர்கள் எண்ணிக்கைக்கு லாங் என்ற பெரிய எண் வகையைப் போடுங்கள். அங்கே இன்டீஜர் என்ற சாதாரண எண் வகை 32,767ஐத் தாண்டாது.

அப்புறம், எடை மேடை ஃபைலில் புது வரி கடைசியில்தான் சேரும். நேற்று எண்ணி நிறுத்திய இடத்தைக் குறித்து வைத்தால் இன்று அங்கிருந்து எண்ணினால் போதும். தினசரி வேலையில் எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான்.

எல்லா வரியும் ஒரே நீளம் என்றால் படிக்கவே வேண்டாம். 46 எழுத்தும் முடிவுக்கு இரண்டும் சேர்த்து வரிக்கு 48 பைட் என்றால், ஃபைல் அளவை 48ஆல் வகுத்தால் ஆயிற்று. மீதி வந்தால் கரண்ட் போன நேரத்தில் கடைசி வரி பாதியில் நின்றிருக்கலாம். எடைச் சீட்டைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

ஆனால் பார்ட்டி பெயரையோ ஊரையோ யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் முறை) தமிழில் எழுதினால் இந்த வகுத்தல் ஆகாது. ‘வேலூர்’ மட்டும் 18 பைட். அப்போது 10ஐ எண்ணும் வழிதான் சரி. தமிழ் எழுத்தின் எந்த பைட்டும் 128க்குக் கீழே வராது என்பதால் எண்ணிக்கை பிசகாது.