ஹட்டனில் ஒரு சட்ட ஆலோசனை அறை: போய்க் கேட்டது நல்லதாப் போச்சு

எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போகும் பாதைக்கு கொங்கிரீட் போட்டுத் தருவதாகச் சொன்ன பிரதேச சபை உறுப்பினரிடம் 2023 கடைசியில் போய்க் கேட்டால் ‘எனக்கு இப்போது பதவியே இல்லை’ என்றார், ஆனால் தோட்டத்தில் எல்லோரும் அவரை இன்னும் மெம்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். குழப்பத்தோடு ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன்.

தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். சபையின் பதவிக்காலம் 4 வருடம், அமைச்சர் வர்த்தமானி மூலம் ஒரு வருடம் வரை நீட்டலாம், 2018இல் தெரிவான சபைகள் அப்படித்தான் 2023 மார்ச் வரை ஓடின, அப்புறம் தேர்தல் நடக்காததால் நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போனது. ஒருவர் எத்தனை தடவை உறுப்பினராகலாம் என்பதற்கோ எல்லையே இல்லையாம். நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தேன்.

தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னபோது அந்தச் சட்டத்தரணி ஞாபகம்தான் வந்தது. 2025 மே 6 உள்ளூராட்சி சபைத் தேர்தல் வாக்களிப்புக்கு முன்னும் அவரிடமே போனேன்.

குறை ஒன்றுதான்: ஒரே பெஞ்ச், மழையில் இரண்டு மணி நேரம் வெளியே நிற்க வேண்டும். வயதானவர்களைக் காலையிலேயே கூட்டிப் போங்கள்.