மூச்சில் நுரையீரல் புற்று: கிராபீனா, மாலிப்டினம் டைசல்பைடா, மேக்ஸீனா?

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களை ஊதச் சொல்லி, அந்த மூச்சில் நுரையீரல் புற்றின் தடயத்தைத் தேடுவதாக இருந்தால், எந்த இருபரிமாணப் பொருளில், அதாவது சில அணுக்கள் தடிமனே உள்ள தாளில், சென்சார் செய்வது? வாயு ஒட்டினால் அந்தத் தாளின் மின்தடை மாறும், அதைத்தான் அளக்கிறோம். ஆய்வுக் கட்டுரைகள் தரும் கண்டறி வரம்பை (சென்சார் பிடிக்கும் மிகக் குறைந்த அளவை) மட்டும் நம்பி இறங்கக் கூடாது. அவற்றில் பல உலர்ந்த வாயுவில் எடுத்தவை. நாம் விடும் மூச்சோ 34 டிகிரியில் நீராவி நிறைந்தது. பத்து லட்சத்தில் சுமார் 50,000 பங்கு தண்ணீர். தேடுகிற ஹெக்சனால் என்ற ஆல்டிஹைடு நூறு கோடியில் 10 பங்கு என்று வைத்துக்கொண்டால், அதன் ஒரு மூலக்கூறுக்கு 50 லட்சம் நீர் மூலக்கூறுகள். முதல் எதிரி ஈரம்தான்.

ஒடுக்கிய, அதாவது ஆக்சிஜனைப் பெருமளவு நீக்கிய, கிராபீன் ஆக்சைடு செலவு குறைந்தது. கிராஃபைட்டை ஹம்மர்ஸ் முறையில் (அடர் அமிலத்தில்) ஆக்சைடாக்கி, வைட்டமின் சி சேர்த்து ஒடுக்கி, மின்முனைகளில் சொட்டுவிட்டால் போதும். கல்லூரி ஆய்வகத்திலேயே முடியும். சிக்கல் அந்தச் சொட்டில்தான். காயும்போது துகள்கள் ஓரத்துக்கு ஓடி வளையமாகப் படியும், நடுவில் மெலிந்துவிடும். ஒரே கரைசலில் செய்த இரண்டு சென்சார்கள்கூட வேறுவேறு மின்தடை காட்டுவது இதனால்தான். மின்முனையைச் சூடாக்கி, மெல்லிய படலங்களாகத் தெளித்தால் பெருமளவு சரியாகும்.

மாலிப்டினம் டைசல்பைடை சோடியம் மாலிப்டேட்டும் தையோயூரியாவும் கலந்து, டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலனில்) 200 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து எடுக்கலாம். வினை அதிகம் நடப்பது அடுக்குகளின் ஓரங்களில். அறை வெப்பத்தில் ஒட்டிய வாயு எளிதில் விடாது. அடுத்தவர் ஊத வந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பியிருக்காது. 100 முதல் 150 டிகிரி வரை சூடாக்கினால் வாயுவும் விடும், ஈரமும் ஓடும். பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

2011-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் பிறந்த மேக்ஸீன் (இங்கே டைட்டானியம் கார்பைடுத் தாள்) காகிதத்தில் எல்லாரையும் முந்துகிறது. மின் இரைச்சல் மிகக் குறைவு; அறை வெப்பத்திலேயே அசிட்டோனை நூறு கோடியில் 100 பங்குக்கும் கீழே பிடித்திருக்கிறார்கள். செய்முறை: 9 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லி, லித்தியம் ஃப்ளோரைடு 1.6 கிராம், அதில் டைட்டானியம் அலுமினியம் கார்பைடு 1 கிராம். 35 டிகிரியில் 24 மணி நேரம். தூளைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் பொங்கிவிடும். உள்ளே ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் உருவாவதால், அது தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் தொடங்கவே கூடாது. ஆனால் இதன் மேற்பரப்பு தண்ணீரை இழுக்கும், மெல்ல டைட்டானியம் டைஆக்சைடாக மாறும். தென்காசியில் சாரல் பிடிக்கும் மாதங்களில் திறந்த மேக்ஸீனை நம்ப முடியாது. எந்த வாயு ஒட்டினாலும் பெரும்பாலும் மின்தடை கூடவே செய்யும் என்பதால் இனம் பிரிக்கவும் அது தனியாக உதவாது. கருப்புப் பாஸ்பரஸின் மெல்லிய தாளான பாஸ்பரீன் காற்றுப்பட்டாலே கெடும். இங்கே பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் தேர்வு ஒடுக்கிய கிராபீன் ஆக்சைடும் சூடாக்கிய மாலிப்டினம் டைசல்பைடும் ஒரே பலகையில். எலக்ட்ரான் தரும் வாயு வந்தால் முன்னதன் மின்தடை ஏறும், பின்னதற்கு இறங்கும். அந்த எதிர்த்திசைதான் அடையாளம். நீர் ஒட்டாத பூச்சு கொடுத்தால் மேக்ஸீனையும் மூன்றாவதாகச் சேர்க்கலாம்.

மூச்சைப் பிடிப்பதில் கோட்டைவிட்டால் எந்தப் பொருளும் காப்பாற்றாது. முதல் 150 மில்லி வாய், மூச்சுக்குழாய்க் காற்று, விட்டுவிட வேண்டும். மூச்சைப் பிடித்த பையை உடல் சூட்டில் வைக்காவிட்டால் ஈரம் படிந்து, ஆல்டிஹைடின் ஒரு பகுதி அதிலே கரைந்துபோகும். அறைக் காற்றையும் ஒரு பை எடுத்து அளக்க வேண்டும். புகைத்தவர் மூச்சில் பென்சீன், டைமெத்தில்ஃபியூரான் வரும். விறகடுப்புப் புகையிலும் பென்சீன் உண்டு. ஒப்பிட எடுக்கும் நலமானவர்களை அதே ஊர், அதே தொழில், அதே அடுப்பு உள்ளவர்களாக, பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்காவிட்டால், சென்சார் புற்றை விட்டுவிட்டுப் பீடியைக் கற்றுக்கொள்ளும்.