பழைய காருக்கு வாங்கிய மிக் வெல்டர்: மூன்றாண்டு அனுபவம்

தரைவிரிப்பை உரித்துவிட்டுக் கிரைண்டரை வைத்ததும் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே கையகல ஓட்டை. இப்படித்தான் வெல்டர் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. கடையில் நான் முதலில் கேட்டது அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் என்று. இன்று வாங்கப் போனால், எத்தனை ஆம்பியர் வரை இறக்கினாலும் ஆர்க் அணையாமல் எரியும் என்று கேட்பேன்.

காரின் வெளித்தகடு பெரும்பாலும் 0.7 முதல் 1 மி.மீ. கனம்தான். இரவல் வாங்கிய ஆர்க் மெஷினில் 2.5 மி.மீ. எலக்ட்ரோடைப் போட்டுப் பார்த்தேன்; தொட்ட இடமெல்லாம் ஓட்டை. அதன் பிறகு வாங்கியதுதான் இந்த இன்வெர்ட்டர் மிக் வெல்டர்; ட்ரிக்கரை அழுத்தினால் சுருளிலிருந்து கம்பி தானே வந்து உருகி ஒட்டும். 30 ஆம்பியர் வரை இறங்கும். இந்த ஒரு குணத்துக்காகவே இதை இன்னும் வைத்திருக்கிறேன்.

முதல் சில மாதங்கள், வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் கேஸ் இல்லாமல், உள்ளே காப்புப்பொடி அடைத்த ஃப்ளக்ஸ் கோர் கம்பியில் ஓட்டினேன். காற்றடிக்கும் திறந்தவெளியில், கனமான இரும்புக்கு அது நல்ல துணை. மெல்லிய தகட்டுக்கு ஆகாது. சூடு அதிகம், பொறி தெறித்த தழும்புகள், ஒவ்வொரு வெல்டுக்கும் மேலே உடைத்தெடுக்க வேண்டிய கசடு. பிறகு 0.6 மி.மீ. சாதாரணக் கம்பிக்கும், 75 விழுக்காடு ஆர்கான், 25 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலவைக்கும் மாறினேன். மாறிய முதல் இரண்டு நாள் மனம் வெறுத்துப்போனது. வெல்டு தகட்டில் இறங்காமல் மேலேயே உருண்டு நின்றது. கம்பி வேகத்தைக் குறைத்தேன், கேஸைக் கூட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மூடியைத் திறந்து பார்த்தால், கையில் பிடிக்கும் டார்ச்சின் இணைப்பு நெகட்டிவிலேயே இருந்தது. ஃப்ளக்ஸ் கோருக்கு டார்ச் நெகட்டிவ், கேஸோடு ஓடும் கம்பிக்கு பாசிட்டிவ். மாற்றிப் போட்டதும் படபடவென்று சீராகப் பொரியும் அந்த ஓசை வந்தது. காது அதைப் பழகிவிட்டால் அமைப்பு சரியா, தவறா என்பதை ஓசையே சொல்லிவிடும்.

தகடு வளையாமல் இருக்க ஒரு வழிதான் உண்டு: பொறுமை. ட்ரிக்கரை ஒரு முழு நொடிகூட அழுத்திப் பிடிப்பதில்லை. ஒரு பொட்டு வைத்து, அதன் செம்மை மங்கும்வரை பார்த்திருந்து, அடுத்த பொட்டை ஒட்டின் எதிர்முனையில் வைக்கிறேன். இடைவெளி அகன்ற இடத்தில் பின்னால் ஒரு செம்புப் பட்டையைப் பிடித்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். உருகிய இரும்பு அதில் ஒட்டாது. இப்படி விட்டு விட்டு வேலை செய்வதால், மெஷின் சூடாகாமல் எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற டியூட்டி சைக்கிள் வரம்பு எனக்கு ஒருபோதும் தடையானதில்லை. 20 விழுக்காடு என்றால் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் வெல்டிங்; பாடி வேலைக்கு அது தாராளம்.

குறைகளும் உண்டு. மின்சுற்று முடியக் காரில் கவ்வ வைக்கும் எர்த் கிளாம்ப் ஒன்று கூடவே வந்தது; வெறும் மெல்லிய தகடு. கனமான பித்தளைக் கிளாம்ப் மாற்றிய அன்றே ஆர்க் தடுமாறுவது நின்றது. கம்பியைத் தள்ளும் பகுதி பிளாஸ்டிக். ஃப்ளக்ஸ் கோருக்கான பல் வைத்த உருளையைக் கழற்றாமல் சாதாரணக் கம்பியை ஓட்டியதில், கம்பி சுரண்டப்பட்டு இரும்புத்தூள், டார்ச் வரை கம்பி ஓடும் உட்குழாயான லைனரில் அடைத்துக்கொண்டது. டார்ச் மெஷினோடு நிலையாகப் பொருத்தப்பட்டது என்பதால் லைனர் மாற்ற அரை நாள் போனது. கழற்றி மாட்டக்கூடிய யூரோ இணைப்புள்ள மெஷின் கிடைத்தால் அதையே எடுங்கள். மின்னழுத்தம் படிக்குப் படி தாவும் சுவிட்சை விட, திருகித் திருகி நகர்த்தும் குமிழ் நல்லது. இரண்டு படிகளுக்கு நடுவில்தான் மெல்லிய தகட்டுக்கு வேண்டிய இடம் பெரும்பாலும் இருக்கும்.

ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் நிரப்புக் கம்பியும் பிடிக்க வேண்டிய டிக் வெல்டரையும் பழகிப் பார்த்தேன். வெல்டு மென்மையாக இருக்கும், சுத்தியலால் தட்டிச் சமன் செய்யலாம். ஆனால் துளித் துருவையும் அது பொறுக்காது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்து இரண்டு கைகளையும் ஈடுபடுத்துவது எனக்கு முடியவில்லை.

பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் தொடங்காதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டைப் பற்றவைக்கவே கூடாது, நச்சுவாயு எழும். துத்தநாகம் பூசிய தகடானால் பூச்சைத் தேய்த்தெடுத்து, கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். ஒருமுறை நான் பற்றவைத்த தகட்டின் மறுபுறம் ஒட்டியிருந்த தார்ப்பூச்சு புகையத் தொடங்கியது; வேலையை முடித்துக் கையுறையைக் கழற்றிய பிறகுதான் வாசனை வந்தது. அன்றிலிருந்து கடைசிப் பொட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் தீயணைப்பானோடு காரின் அருகிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.