வார்டு கிராம சபை: சித்தூர்த் தாலுகாவின் தமிழ் வாக்காளர் எழுதும் மதிப்புரை

கடையையும் மருத்துவமனையையும் பேருந்தையும் மதிப்பிட்டு எழுதுகிறோம். யாருக்கு வீடு, எந்தத் தெருவுக்குக் குழாய், எந்த வழிக்குத் தார் என்று பேசி முடிவெடுக்கிற கிராம சபையைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதுவும் வரிப்பணத்தில் நமக்குக் கிடைக்கும் சேவைதான். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கிழக்கோரத்தில், சித்தூர்த் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி என்று தமிழ் புழங்கும் பஞ்சாயத்துகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இந்தப் பகுதியில் வாக்குரிமை பெற்று, வார்டுக் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிற அனுபவத்தில் இதை எழுதுகிறேன். எங்கள் பஞ்சாயத்தின் பெயரை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகள் ஒரே அலுவலகத்தின் குறைகள் அல்ல. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டம் வகுத்துத் தந்த அமைப்பு மிக நல்லது, தமிழ் வார்டுகளில் அது நடத்தப்படும் விதம் அந்த அமைப்புக்குத் தகுதியாக இல்லை.

அமைப்பின் அருமை தெரிய, எல்லையைத் தாண்டிப் பார்க்க வேண்டும். கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டாரத்தில் இருக்கும் எங்கள் உறவினர்களுக்கு ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபைதான். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள்களில் கூடிவந்த அந்தச் சபைக்கு இப்போது மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆகியிருக்கின்றன. கூட்ட நாள்கள் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரியும் என்பது அங்குள்ள பெரிய வசதி. ஆனால் பல ஊர்கள் சேர்ந்த ஊராட்சியில் ஒரு தெருவின் சாக்கடையைப் பற்றிப் பேச முறை வருவது கடினம். கேரளத்தில் 1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனிக் கிராம சபை உண்டு. அந்த வார்டின் வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். வார்டு மெம்பரே அதைக் கூட்டும் பொறுப்பாளர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினராவது வந்திருக்க வேண்டும், தொடர்ந்து கூட்டத் தவறினால் மெம்பரின் பதவிக்கே ஆபத்து என்று சட்டம் கறாராகச் சொல்கிறது. பேசுகிறவரின் வீடு எது, அவர் கேட்கும் பாதை எது என்று கூட்டத்தில் இருக்கும் அனைவருக்கும் தெரிந்திருப்பதால் பொய்யான கோரிக்கை எடுபடாது, நியாயமான கோரிக்கையைத் தட்டிக்கழிப்பதும் எளிதல்ல.

இந்தச் சபைக்கு உயிர் கொடுத்தது 1996 ஆகஸ்ட் 17 அன்று கேரளத்தில் தொடங்கிய, உள்ளாட்சிகளே மக்களோடு பேசித் திட்டம் தீட்டும் மக்கள் திட்டம். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு என்று அப்போது ஒதுக்கியதால், கூட்டத்தில் பேசியதற்குப் பின்னால் செலவழிக்கப் பணமும் இருந்தது. விவசாயம், குடிநீர், சுகாதாரம், கல்வி, பெண்கள் நலம் என்று குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்து பேசுவதும், அங்கே எழுந்த கோரிக்கைகள் பஞ்சாயத்து அளவிலான வளர்ச்சிக் கருத்தரங்குக்குப் போய்த் திட்டமாவதும், வீடு, கறவை மாடு, கழிப்பறை போன்ற உதவிகளுக்கான பயனாளிப் பட்டியல் சபையின் முன் வாசிக்கப்படுவதும் அந்தக் காலத்தில் வேரூன்றிய வழக்கங்கள். இவற்றில் பயனாளிப் பட்டியலைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. பெயர்கள் வாசிக்கப்படும்போது கூரை வீட்டில் இருப்பவர் யார், மாடி வீட்டுக்காரர் யார் என்று ஊரே சொல்லிவிடுகிறது.

மற்றவை எப்படி நடக்கின்றன என்பதற்கு அண்மைக் கூட்டம் ஒன்றைச் சொல்கிறேன். இடம், பள்ளிக்கூடத்து மண்டபம். வாசலில் மேசை போட்டு வருகைப் பதிவேடு வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் கணிசமானோர், பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கேரளத்தின் மகளிர் சுயஉதவிக் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களைச் சேர்ந்த பெண்கள். அலுவலர் மலையாளத்தில் அறிக்கையை வாசித்து முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். "போன வருசமும் இதே பைப்பைத்தானுங்க கேட்டேன். எழுதிக்கிட்டீங்க. அது ஆச்சுங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க சார்." அலுவலர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்; ஆனால் அந்தப் பதில் மதிப்பீடு, அனுமதி, நிதியாண்டு என்ற அலுவலக மலையாளத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த குடும்பஸ்ரீ அக்கா அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இன்னும் ஆகலைங்க" என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு நடவடிக்கைக் குறிப்பை வாங்கிப் பார்த்தபோது, குடிநீர் பற்றி விவாதிக்கப்பட்டது என்ற ஒற்றை வரிதான் இருந்தது. எந்தத் தெரு, யார் கேட்டது, இதற்கு முன் எப்போது கேட்டது, ஏன் நடக்கவில்லை என்ற எதுவும் அதில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தப் பாட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தச் சேவையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன். மக்கள் வருவதில்லை என்று மெம்பர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். சென்ற முறை சொன்னது என்ன ஆயிற்று என்று முதலில் வாசித்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கினால் வருகை தானாகக் கூடும். நடக்காத வேலையைக்கூட, இன்ன காரணத்தால் நடக்கவில்லை என்று விளக்கினால் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள். அந்த அளவுக்கு நியாயம் தெரிந்தவர்கள்தான் இங்கே இருக்கிறார்கள். சொன்னது எங்கே போயிற்று என்றே தெரியாதபோதுதான் வேலையை விட்டுவிட்டு வர மனம் வருவதில்லை.

அடுத்த குறை மொழி. நோட்டீஸ் மலையாளம், அறிக்கை மலையாளம், குறிப்பேடு மலையாளம். இங்குள்ள இளைஞர்கள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். தமிழ்ப் பள்ளியில் படித்த நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும் அதை வாசிக்க வராது. மலையாளத்தின் மேல் எங்களுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. கேட்பது சலுகையும் இல்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ஆம் ஆண்டிலேயே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்று இடம் கொடுத்திருக்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவும் சொல்கிறது. சட்டத்தின் மனம் இவ்வளவு விரிவாக இருக்கும்போது, ஒரு பக்க நோட்டீஸைத் தமிழிலும் அச்சிடப் பஞ்சாயத்துக்குத் தடை எதுவும் இல்லை. இப்போது அந்த வேலையைக் குடும்பஸ்ரீ பெண்கள் வீடு வீடாகப் போய் வாயால் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் எங்கள் வார்டில் கிராம சபை எப்போதோ பெயரளவில் நின்றிருக்கும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை நாளில் காலையிலோ மாலையிலோ கூட்டம் வைத்தால், கள் இறக்குகிறவர்கள் மரத்தில் இருப்பார்கள்; கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். ஆண்கள் வராததற்கு அக்கறையின்மை மட்டும் காரணம் அல்ல.

வார்டு சபை பேசி என்ன ஆகப்போகிறது, எங்கள் உண்மையான பிரச்சினை தண்ணீர், அது மேலிடத்து விவகாரம் ஆயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். மழை மறைவுப் பகுதியான இந்தக் கிழக்குப் பாலக்காட்டின் பாசனம் சித்தூர்ப் புழை என்ற ஆற்றை நம்பியிருக்கிறது. தமிழ்நாட்டுடன் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும் என்பதை எந்த வார்டும் தீர்மானிக்க முடியாது. ஆனால் பக்கத்திலேயே பெருமாட்டிப் பஞ்சாயத்து இருக்கிறது. அங்கே பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய கோக்கோ கோலா ஆலை நிலத்தடி நீரை எடுப்பதை எதிர்த்து 2002 ஏப்ரலில் ஊர் மக்கள் போராட்டம் தொடங்கினார்கள். முன்னணியில் நின்ற மயிலம்மா ஓர் ஆதிவாசிப் பெண். 2003இல் பஞ்சாயத்து அந்த ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு மேல்நீதிமன்றங்களுக்குப் போனது வேறு கதை. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அடித்தட்டு மக்கள் விடாமல் கேட்டு, அவர்கள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்தும் அதைக் காதில் வாங்கியதால் நடந்தது அது. ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை அடிக்குப் போயிருக்கின்றன, எந்தக் குளம் தூர்ந்து கிடக்கிறது, லாரித் தண்ணீர் எந்தத் தெருவுக்கு வருவதில்லை என்பதெல்லாம் வார்டில் பேசி எழுதிவைக்க வேண்டியவையே.

இந்தச் சேவையைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தமிழில் எழுதி, தெருப் பெயரும் தேதியும் போட்டு, இரண்டு படி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டம் கலையும் முன், உங்கள் கோரிக்கை குறிப்பேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு குறிப்பின் நகல் வேண்டுமானால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. குழு விவாதத்தின்போது குடிநீர்க் குழுவில் உட்காருங்கள். எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் வேண்டிய இடம் அதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தில் ஒரு பங்கு வாக்காளர்கள் எழுத்தில் கேட்டால், அவர்கள் குறிப்பிடும் பொருளைப் பற்றிச் சிறப்புக் கூட்டம் கூட்ட மெம்பர் கடமைப்பட்டவர் என்று பஞ்சாயத்து ராஜ் சட்டம் சொல்வது பலருக்குத் தெரியாது. எங்கள் வார்டில் அப்படி ஒரு விண்ணப்பத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். முதல் பொருளாகக் கேட்டிருப்பது, கடந்த கூட்டங்களின் முடிவுகளை ஒவ்வொன்றாக, ஆனது எது, ஆகாதது எது, ஆகாததற்குக் காரணம் என்ன என்று இரண்டு மொழியிலும் வாசிக்க வேண்டும் என்பது. இரண்டாவது பொருள் அந்தப் பாட்டியின் தெருக் குழாய்.