சூத்திரம் முதலிலா, சூழல் முதலிலா?

கணிதம் கற்பிப்பதில் இரண்டு வழிகள் மோதிக்கொண்டே இருக்கின்றன. முறையைச் சொல்லிக்கொடுத்து, பயிற்சி தந்து, கடைசியில் வாழ்க்கைக் கணக்குக்கு வருவது பழைய வழி. வாழ்க்கைக் கணக்கில் தொடங்கி, முறையைப் பிள்ளைகளே கண்டெடுக்க விடுவது மற்றது. நெதர்லாந்தில் கணிதவியலாளர் ஹான்ஸ் ஃபிராய்டென்தாலும் அவருடைய குழுவினரும் 1970களில் வளர்த்தெடுத்தது இது.

பழைய வழியின் ஓட்டை எங்கே என்பதை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க மாணவர்களுக்கான தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் கேட்கப்பட்ட ஒரு கணக்கு காட்டிவிட்டது. ஒரு பஸ்ஸில் 36 வீரர்கள் ஏறலாம். 1,128 பேருக்கு எத்தனை பஸ் வேண்டும்? 13 வயது மாணவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் சரியாகவே வகுத்தார்கள். ஆனால் 32 என்று விடை எழுதியவர்கள் 23 சதவீதம்தான். அதைவிட அதிகமானோர் ‘31, மீதி 12’ என்று எழுதிவைத்தார்கள். மீதி 12 பேர் நடந்தே போகட்டும் போலும்!

அப்படியானால் வாழ்க்கைக் கணக்குக்கே மாலை போட்டுவிடலாமா? அவசரம் வேண்டாம். பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களை ஆராய்ந்து 1985இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு தேங்காய் 35 என்றால் 10 தேங்காய்க்கு எவ்வளவு? சிறுவன் மும்மூன்றாகச் சேர்த்தான்: 105, 210, 315, பிறகு ஒன்று, 350. சரியான விடை. வியாபாரத்தில் இப்படி 98 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதத்துக்கு இறங்கினார்கள். பள்ளியை இடிக்க இந்த ஆய்வைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. 35க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டால் முடிகிற வேலை அது. ஆயிரம் காய் என்றால் மும்மூன்றாக எவ்வளவு நேரம் கூட்டுவது?

ஆகவே பாடத்துக்குப் பாடம் பிரித்துப் பார்க்கிறேன். சதவீதம், விகிதம், பரப்பளவு, புள்ளியியல் ஆகியவற்றுக்குச் சூழலே முதலில். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்குவதற்குக் கடன் கதை கட்டினால் கதைதான் நினைவில் நிற்கும். 2×(−2)=−4, 1×(−2)=−2, 0×(−2)=0 என்று வரிசையாக எழுதினால் அடுத்தது +2 என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும். இயற்கணிதச் சமன்பாடுகளும் சூழல் இல்லாமல் தொடங்கும் இந்தப் பக்கம்தான்.

ஒரு நிபந்தனை: சூழல் என்றால் நிஜச் சூழலாக இருக்கவேண்டும். நீளம், உயரம் இரண்டையும் அச்சடித்துத் தந்து ‘சுவருக்கு எவ்வளவு பெயிண்ட்?’ என்று கேட்பது வேடமிட்ட பெருக்கல். அளவு எதுவும் தராமல் வகுப்பறைச் சுவரைக் காட்டுங்கள். அளக்கும் நாடா கேட்பார்கள், கதவைக் கழிக்கலாமா என்று சண்டையிடுவார்கள், எத்தனை முறை பூசவேண்டும் என்பார்கள். இரண்டு பாடவேளை போய்விடும்; போகட்டும்.