கேனா, விளக்கா? டீசல் என்ஜின் ஏற்றிய பழைய அம்பாசடரில் இழுவைக் குறையைத் தேடும் வழிகள்

பெட்ரோல் காராகப் பிறந்து, பின்னாளில் ரோட்டரி பம்ப் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தித் தரும் சுழல் பம்ப்) கொண்ட 2 லிட்டர் டீசல் என்ஜின் ஏற்றப்பட்ட என் அம்பாசடர், கடலூர் மஞ்சக்குப்பத்துத் தெருக்களில் எந்தக் குறையும் காட்டாது. புதுச்சேரிச் சாலையில் ஏறக்குறைய 20 கி.மீ. ஓடி அரியாங்குப்பம் பாலத்தை நெருங்கும்போதுதான் இழுவை தளரும். ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பட்டறை வாசலில் அது பரம சாது. இத்தகைய குறையைத் தேட மூன்று வழிகள் இருக்கின்றன: உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவது, தனிக் கேனிலிருந்து டீசல் கொடுத்து ஓட்டுவது, மின்சாரத்தை விளக்காலோ மீட்டராலோ கண்காணிப்பது.

முதல் வழி டீசல் ஃபில்டருக்கு மட்டும் பொருந்தும். எப்படியும் மாற்ற வேண்டிய, விலை குறைந்த பொருள் அது. அடுத்து பம்ப், இன்ஜெக்டர் என்று போனால் செலவு பல மடங்காகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், விட்டுவிட்டு வரும் குறை தானாகவே சில நாள் அடங்கியிருக்கும் என்பதால், அந்தப் பெருமையைப் புதிய பாகத்துக்குக் கொடுத்து நாம் ஏமாந்துவிடுவோம். மேலும், என்ஜின் மாற்றிய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை கடையில் கேட்டு வாங்க முடியாதவை: பழைய காரையும் புதிய என்ஜினையும் இணைக்க யாரோ ஒருவர் அன்றைக்குக் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்த இணைப்புகள். பாகம் மாற்றும் வழி அவற்றைத் தொடுவதே இல்லை.

கேன் வழி நேராக அங்கேதான் போகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய் கிடையாது. மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் டீசல் பம்புக்கோ அது இன்றியமையாதது. எனவே என்ஜின் ஏற்றுபவர் டேங்கில் புதிதாக ஒரு வழி திறந்திருப்பார், அல்லது திரும்பும் டீசலை ஃபில்டருக்கு முன்பே ‘T’ வடிவ இணைப்பால் உள்ளே விட்டிருப்பார். இரண்டாவது ஏற்பாட்டில் சூடேறிய டீசலும் காற்றுக் குமிழும் டேங்குக்குப் போய் அடங்காமல் திரும்பத் திரும்பச் சுற்றிவரும். 5 லிட்டர் கேனில் டீசல் நிரப்பி, ஃபில்டருக்கு முன்னால் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றைக் கொடுத்து, திரும்பும் குழாயையும் அதே கேனில் விட்டு ஓட்ட வேண்டும். வண்டி சோர்வின்றி இழுத்தால் பம்பும் இன்ஜெக்டரும் பெரும்பாலும் குற்றமற்றவை. பிழை டேங்குக்கும் அந்த ஹோஸுக்கும் இடையில், அல்லது திரும்பும் வழியில் இருக்கிறது. அம்பாசடரின் பானெட்டுக்குள் ஒரு கேனைக் கட்டி வைக்குமளவு இடம் இருப்பது நம் அதிர்ஷ்டம். ஆயினும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஃபேனுக்கும் எட்டாத இடத்தில் அசையாமல் கட்ட வேண்டும். பெட்ரோல் வண்டியில் இதைச் செய்யவே கூடாது.

இந்தச் சோதனைக்கும் ஒரு குறை உண்டு. கேன் பம்பைவிட உயரத்தில் இருந்தால் டீசல் தானாகவே இறங்கிவரும். டேங்கிலிருந்து உறிஞ்சத் திணறும் பம்பும் நல்ல பம்பாகத் தோன்றும். ஆகவே கேனை இயன்றவரை தாழ்வாக வைப்பது நல்லது. கேன் கட்டுவதற்கு முன்பே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றும் இருக்கிறது. இழுவை குறையும் அந்த நேரத்தில் டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று ‘உஸ்’ஸென்று உள்ளே போய், உடனே வண்டி சரியானால், டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது.

விளக்கு வழி வேறொரு கேள்விக்கு விடை தருகிறது. ரோட்டரி பம்பின் ஸ்டாப் சோலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் டீசல் அடைப்பான்) 12 வோல்ட் கிடைக்கும்வரைதான் டீசலைத் திறந்து வைக்கும். அதன் முனையிலிருந்து ஒரு சிறு பல்பை டேஷ்போர்டு வரை இழுத்து வைத்தால், குறை வரும் கணத்தில் பல்பு மங்குகிறதா என்று ஓட்டியபடியே பார்க்கலாம். கடல் காற்றில் டெர்மினல்கள் பச்சை பூத்துப்போகும் நம் ஊர்ப் பக்கத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது. கூடவே, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், என்ஜினிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் பட்டை சரியில்லை. ரப்பர் மவுண்டுகளில் அமர்ந்த என்ஜினுக்கு எர்த் பட்டை தளர்ந்துவிட்டால், மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவே திரும்பப் பார்க்கும்.

எதை முதலில் செய்வது என்பதை வண்டியே சொல்லிவிடுகிறது. சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று அறுந்து, மறுகணம் திரும்பினால் விளக்கு; மெல்ல மெல்லத் தளர்ந்து, நின்றபின் தேறினால் கேன். கரும்புகை கக்கியபடி தளர்ந்தால் இரண்டும் வேண்டாம், ஏர் ஃபில்டரைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

என் வண்டி மெல்லத் தளரும் ரகம், அதுவும் டேங்க் கால் பங்குக்கு இறங்கிய பிறகே. கேனில் ஓட்டியபோது அரியாங்குப்பம் பாலத்தைச் சலனமின்றிக் கடந்தது. பின்னோக்கி ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்ததில், பழைய இரும்புக் குழாயின்மீது சற்றுப் பெரிய விட்டமுள்ள ஹோஸை ஏற்றிக் கிளிப்பால் நெரித்திருந்த இடத்தில் ‘ஏர் எடுத்தது’, அதாவது வெளிக்காற்றை உள்ளிழுத்தது, தெரிந்தது. உறிஞ்சும் பக்கம் என்பதால் ஒரு சொட்டு டீசலும் வெளியே கசியவில்லை. அதனால்தான் ஓராண்டாக எவர் கண்ணிலும் படவில்லை. சரியான அளவு ஹோஸ் போட்டபின், டேங்கை வேண்டுமென்றே கால் பங்குக்கு இறக்கி, கேப்பர் மலை மேட்டில் மூன்று முறை ஏற்றிப் பார்த்தேன். ஹோஸில் குமிழ் ஒன்றும் ஓடவில்லை.