காசிமேட்டில் மீன் வாங்குவோர் கவனத்திற்கு: தராசுக்கும் கத்திக்கும் நடுவில் நடப்பது

வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கு அழைத்துச் சென்று, மீனைப் பார்த்து வாங்கி, அங்கேயே வெட்டக் கொடுத்து, அருகிலுள்ள கடையில் வறுத்துச் சாப்பிட வைத்துத் திரும்பும் வழக்கம் சென்னையில் பல குடும்பங்களுக்கு உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விலை கூடுதலாகச் சொன்னார்கள் என்ற புகார் அல்ல இது. பேரம் பேசத் தெரிந்தவர் குறைத்துக் கேட்பார், தெரியாதவர் கேட்டதைக் கொடுப்பார், அது எல்லாச் சந்தைக்கும் பொதுவானது. எடை போட்ட பிறகு மீன் நம் கண்ணை விட்டு மறையும் அந்தச் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பதே இங்கே பேச வேண்டியது.

நாங்கள் சென்றது மே மாதத்தில், அதாவது மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பைபர் படகுகள் கரையோரம் பிடித்து வருவதும், மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியில் வருவதும், குளிர்பதனக் கிடங்கில் இருப்பதும்தான் அப்போது விற்பனைக்கு இருக்கும். வரத்துக் குறையும் காலம் என்பதால் வஞ்சிரத்தின் விலை ஏறியிருக்கும் என்பது தெரிந்தேதான் போனோம். கோவையிலிருந்து வந்திருந்த மைத்துனர் வஞ்சிரம் வேண்டும் என்றார். மாமியார் தலையைக் குழம்புக்குத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்.

கண் தெளிந்து, செவுள் நல்ல சிவப்பாக, விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழும்பிய ஒரு மீனைத் தேர்ந்தெடுத்தோம். மின்னணுத் தராசு 2 கிலோ 400 கிராம் காட்டியது. கிலோ 1,100 ரூபாய் என்று முடிவாகி, 2,640 ரூபாய் கொடுத்தோம். இதுவரை எல்லாம் ஒழுங்கு. பணம் கைமாறியதும் கடைக்காரர், “வெட்டற எடத்துல ஒரே தண்ணி சார், துணி பாழாயிடும், நீங்க அப்படி நெழல்ல நில்லுங்க, பையன் எடுத்தாந்து குடுப்பான்” என்றார். உபசாரமாகச் சொன்னது போலத்தான் இருந்தது. பையன் மீனை ஒரு நீல நிறத் தொட்டியில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தான். கால் மணி நேரம் கழித்து முடிச்சுப் போட்ட கறுப்புப் பையோடு வந்து, வெட்டுக்கூலியைத் தனியாக வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பை கைக்கு இலேசாகப் பட்டது. சற்றுத் தள்ளிக் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் எடை போட்டுத் தரச் சொன்னேன்; 1 கிலோ 560 கிராம் இருந்தது. தலையையும் சேர்த்துத் திரும்ப வாங்கினால் வஞ்சிரத்தில் போவது குடல், செவுள், துடுப்பு அவ்வளவுதான். கழிவு குறைந்த மீன் என்பதுதானே அதன் மதிப்பு? அந்த அம்மா பையை விரித்துப் பார்த்துவிட்டு, “இது ரெண்டு மீனு தம்பி” என்றார். அதன் பிறகுதான் நானும் உற்றுப் பார்த்தேன். தலையின் வெட்டுமுகமும் கழுத்தையொட்டிய முதல் துண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. துண்டு, தலையைவிட இரண்டு விரற்கடை அகலமாக இருந்தது. வஞ்சிரத்தின் தோல் செதில் தெரியாமல் வழவழப்பாக இருக்கும். பையிலிருந்த துண்டுகளில் சிலவற்றின் தோலிலோ செதில் சுரண்டிய தடம் வரிசையாகத் தெரிந்தது. அவை சீலாத் துண்டுகள். சீலாவும் உண்ணத் தகுந்த மீன்தான், ஆனால் அதன் விலை வேறு. மீதமிருந்த வஞ்சிரத் துண்டுகளிலும் சில, ஐஸில் வெகுநாள் கிடந்து வெளுத்துப்போன நிறத்தில், அழுத்தினால் குழியாகவே நிற்கும்படி இருந்தன.

திரும்பிச் சென்று கேட்டபோது கிடைத்த பதிலில்தான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் இருக்கிறது. “நான் எடை போட்டுக் காட்டுனதுல ஏதாவது தப்பா? வெட்டுனவங்கள போய்க் கேளுங்க” என்றார் கடைக்காரர். வெட்டியவரைத் தேடிப் பிடித்தால், “குடுத்தத வெட்டுனேன், கழிவு அவ்ளோ போச்சு” என்கிறார். நடுவில் மீனைத் தூக்கிச் சென்ற பையனை அங்கே யாருக்கும் தெரியவில்லை. விற்றவரிடமும் குற்றமில்லை, வெட்டியவரிடமும் குற்றமில்லை, எண்ணூறு கிராமுக்கும் மேல் மட்டும் காணவில்லை. கழிவு என்று ஒன்று உண்மையாகவே இருப்பதால், எவ்வளவு எடுத்தாலும் அதன் தலையிலேயே கட்டிவிட முடிகிறது. இறாலில் இது இன்னும் எளிது. தலையும் ஓடும் நீக்கினால் ஏறக்குறைய பாதிதான் தேறும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், இரு கைப்பிடி குறைந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்து வறுவல் கடை. நல்ல துண்டுகளாகப் பார்த்துப் பத்து எடுத்து வறுக்கக் கொடுத்தோம். மசாலா தடவி ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த தங்கள் துண்டுகளோடு அதே தட்டில் எங்களுடையவற்றையும் வைத்தார்கள்; சிவப்பு மசாலாவுக்குள் போன பிறகு எது யாருடையது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. எட்டுத் துண்டுகள் வந்தன, அவற்றில் மூன்று நாங்கள் கொடுத்ததைவிட மெல்லியவை. “சின்னது ரெண்டு எண்ணெயில ஒடஞ்சிடுச்சு” என்றார்கள். அந்த மசாலாவின் நிறம் வெறும் மிளகாய்த்தூளால் வருவதில்லை என்பதைச் சமைக்கத் தெரிந்த யாரும் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். 2024-இல் கர்நாடக அரசு கோழி, மீன் கபாப்களில் செயற்கை நிறங்களைத் தடை செய்ததற்கும் இதே பழக்கம்தான் காரணம்.

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் மைத்துனருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலியும் அரிப்பும் தொடங்கின. முதலில் காரம் என்று நினைத்தோம், பிறகு மீன் ஒவ்வாமையாக இருக்குமோ என்று பயந்தோம். ஆனால் அவர் சிறு வயது முதல் மீன் சாப்பிடுபவர். மருத்துவர் பார்த்துவிட்டு, ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கலாம் என்றார். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி முதலியவற்றைப் பிடித்தது முதல் போதிய குளிரில் வைக்காவிட்டால் பாக்டீரியாக்களால் தசையில் ஹிஸ்டமின் உருவாகிறது. ஒருமுறை உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அது அழிவதில்லை. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சரியாகிவிடும் என்றாலும் மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாற்றி வைத்த துண்டால்தான் இது வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நாங்கள் கண்ணையும் செவுளையும் பார்த்து வாங்கிய மீனைத்தான் சாப்பிட்டோம் என்று சொல்லவும் வழியில்லாமல் போய்விட்டது.

எனவே, போகிறவர்கள் மீன் போகும் இடத்துக்கெல்லாம் உடன் போங்கள். துணி நனைந்தால் நனையட்டும். பெரும்பாலான விற்பனையாளர்கள், குறிப்பாகக் கூடையோடு உட்கார்ந்து தாங்களே அரிவாள்மனையில் வெட்டித் தரும் பெண்கள், நம் கண்ணெதிரேதான் வெட்டுவார்கள். அவர்களிடம் ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினாலும் இலாபமே. எடை போடும்போது மீனும் தராசின் எண்ணும் ஒரே படத்தில் வரும்படி கைபேசியில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வாலிலோ தலையிலோ ஏதாவது அடையாளம் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். சொன்ன விலை கிலோவுக்கா அரைக் கிலோவுக்கா என்பதைக் கத்தி படுவதற்கு முன்பே உரக்கக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் வெட்டிய மீனை யாரும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. தராசின் மேல் சந்தேகம் வந்தால், திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அதில் வைத்துப் பாருங்கள். ஒரு கிலோவுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். ஈரத் தொட்டியோடு எடை போட்டால், முதலில் வெறும் தொட்டியை வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

“இன்னிக்கு வந்த மீன்” என்ற சொல்லையும் நிதானமாகவே கேட்க வேண்டும். அது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் பல நாட்கள் தங்கிப் பிடித்து ஐஸில் வைத்துக்கொண்டு வருபவை. இன்றைய ஏலத்துக்கு வந்த மீன் இன்றுதான் பிடிபட்டது என்று ஆகாது. தடைக்காலத்தில் பெரிய வஞ்சிரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, பைபர் படகில் காலையில் வந்த சங்கராவையோ நெத்திலியையோ முழுதாக வாங்கி வருவது நல்லது. சிறிய மீனில் மாற்றி வைக்க அதிகம் எதுவும் இல்லை.

புகார் செய்ய வழி இருக்கிறது. தராசு தொடர்பானதைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவு கவனிக்கிறது. வணிகத்துக்குப் பயன்படும் மின்னணுத் தராசை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்பது விதி. உணவின் தரம், நிறம், எண்ணெய் பற்றியவை உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் பேசலாம். நான் பேசியபோது முதலில் கேட்டது ரசீது இருக்கிறதா என்பதைத்தான். அங்கே யாரும் ரசீது தருவதில்லை. ரொக்கமாகக் கொடுத்ததால் வாங்கியதற்கே என்னிடம் சான்று இல்லை. ஆகவே அங்கே செல்பவர்கள் யுபிஐ மூலம் செலுத்துங்கள். பெற்றவர் பெயரும் தொகையும் நேரமும் அதில் பதிவாகும். அந்தப் பதிவையும் தராசுப் படத்தையும் வெட்டி வந்த துண்டுகளின் படத்தையும் சேர்த்து அனுப்பினால், விற்றவரும் வெட்டியவரும் ஒருவர்மேல் ஒருவர் கை காட்டித் தப்புவது அவ்வளவு எளிதாக இருக்காது.